ஒரே கோடு

நான் எழுதியது சின்னது.
இருநூற்றுப் பன்னிரண்டு வரி.
பாடகர் குழுவின் இசைத்தாள்களுக்காக
ஒரு ஜூலை ஞாயிறு,
மீன் சூப் ஆறும் முன்னே முடித்தது.
3-5, 9 என்று கொடுத்தால்
மூன்று, நான்கு, ஐந்து, ஒன்பது
என்று விரித்துத் தரும்.
அச்சுப்பொறி அந்தப் பக்கங்களை மட்டும் துப்பும்.
அவ்வளவுதான் அதன் படிப்பு.

நூலகம் என்கிறார்கள் இதை.
அலமாரி இல்லை, தூசி இல்லை.
இரவல் வாங்கியவர் யாரும்
திருப்பிக் கொடுத்ததும் இல்லை.

வாங்கியவர்கள் பெருகினார்கள்.
போர்ட்டோவில் ஒரு பல் மருத்துவர்
கடைவாய்ப் பற்களை அதில் எண்ணினார்.
ரீகாவின் ஆவணக் காப்பகம்
பழைய தட்டச்சுத் தாள்களை அனுப்பியது:
நீளக்கோடு, குறுங்கோடு, மை ஊறித் தடித்த கோடு.
எல்லாம் ஒன்றுதான் என்று
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன்.
யாரோ 9-3 என்று எழுதிவிட்டு
ஏன் ஒன்றும் வரவில்லை என்று கோபித்தார்.
பின்னாலும் நடக்க வேண்டுமாம் அது.
இன்னொருவர் கேட்டார்,
ஐந்து வரை என்றால் ஐந்து உள்ளேயா, வெளியேயா?
உள்ளே என்றேன்.
வாசற்படியில் நிற்பவருக்கும்
காப்பி ஊற்றிப் பழகியவன் நான்.

பிறகு ஜனவரி.
ஔலுவில் ஆற்றுப்பாலம் கண்ணாடியாகும் மாதம்.
சாலைக் கிடங்கில் இரவுப் பணி துய்ரே மாத்தாவுக்கு.
எந்தக் குளிருக்கு எந்த வண்டி
மணல் தூவப் போக வேண்டும் என்ற அட்டவணையில்
நான்காம் வண்டிக்கு நேராகத் தட்டினார்:
-12--8

ஒரே கோடு.
முன்னால் நின்றால் கழித்தல்.
நடுவில் நின்றால் வரை.
அடுத்ததே மறுபடி கழித்தல்.
மூன்றுக்கும் ஒரே விசை, ஒரே சுண்டுவிரல்.
மனிதக் கண் தடுக்காமல் தாண்டிவிடும்.
என் நிரல் தடுக்கி விழுந்தது.
விழுந்ததைச் சொல்லவும் இல்லை;
வெற்றுப் பட்டியலைக் கையில் கொடுத்து
வேலை முடிந்தது என்றது.

நான்காம் வண்டி கிடங்கிலேயே உறங்கியது.
விடியுமுன் ரொட்டி வேன் ஒன்று
பாலத்தில் பம்பரமாய்ச் சுற்றி
கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தது.
ஓட்டுநருக்குக் கீறல்கூட இல்லை.
நாற்பது தட்டு கறுப்பு ரொட்டி
பனிமேல் கவிழ்ந்து ஆவி விட்டதாம்.

துய்ரேயின் கடிதம் இரண்டே வரி.
"எழுதியவர் வெயில் நாட்டுக்காரரா?
இங்கே எண்கள் பாதி ஆண்டு தரைக்குக் கீழேதான் குடியிருக்கின்றன."

அவர் கிடங்கிலிருந்து என் வீடு
ஆறே கிலோமீட்டர்.
கடிதம் படித்தபோது சன்னல் வெப்பமானி
பத்தொன்பது காட்டியது, தரைக்குக் கீழே.
ஜூலையில் எழுதினேன் என்பது தவிர
ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

திருத்தம் நான்கு எழுத்து.
அதைச் சரிபார்க்கும் சோதனைக்கு
அவர் பெயரையே வைத்தேன்.
புரியாவிட்டால் வாய் திறந்து சொல்
என்று கூடவே ஒரு வரி.
அந்த ஒரு வரிக்குத்தான்
இரவு மூன்று மணி ஆனது.
மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.
பதில் இல்லை.

மார்ச் கடைசியில் வந்தது:
"இன்று -2-+1. இது தெரியுமா அதற்கு?"

கூட்டல் குறியை
நான் நினைத்தே பார்த்ததில்லை.
பனிச்சறுக்கிலிருந்து வந்த கையோடு,
ஈரக் காலுறை கழற்றாமல், தட்டினேன்.

-2, -1, 0, 1

வந்துவிட்டது.
பூஜ்ஜியத்தை அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.
நடுவில் தானாக நின்றுகொண்டிருந்தது.
வெளியே கூரை விளிம்பு
சொட்டத் தொடங்கியிருந்தது.

தெரியும் என்று எழுதினேன்.
அனுப்பவில்லை.
எப்படித் தெரிந்தது என்று பார்க்க
நூற்று நாற்பதாம் வரியைத் திறந்தேன்.